ஈமக் கற்குவைகளும் அவற்றின் காவலும்

பத்து பாகாட் என்னும் ஊர்ப்பெயர் மலாய்மொழியில் கல்லையும் உளியையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து அமைந்தது. முற்காலத்தில் சயாமியப் படையினர் குடிநீர் வேண்டிப் பாறையைக் குடைந்து கிணறு தோண்டினர் என்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் வந்தது என்றும் அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். மின்யாக் பெக்குவில் அக்கிணறு இன்றும் காட்டப்படுகிறது. அக்கதை முழுவதும் வரலாறாகுமா என்பது வேறு வினா. கல்லுக்கு ஒரு பெயரும் கதையும் இருந்தமையால் அது மறக்கப்படவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

தமிழகத்தில் இதற்கு மாறான நிலையில் உள்ள கற்கள் பல. மேட்டு நிலங்களிலும், மலைச்சரிவுகளிலும், ஏரிகளை அடுத்த தரிசுகளிலும் வட்டமாக நிறுத்திய பெருங்கற்கள் காணப்படும். அவ்வட்டத்தின் நடுவே சிறு கற்கள் மேடாகக் குவிந்திருக்கும். அதன் கீழே கற்பலகைகளால் அமைத்த ஓர் அறையும், அவ்வறையுள் இறந்தாரின் எலும்புகளும், அவருக்கெனப் படைத்த பொருள்களும் இருக்கும். இவையே ஈமக் கற்குவைகள். இவற்றில் எழுத்தில்லை, சிலையில்லை, பூசையும் இல்லை. ஆதலின் காண்போர் வெறுங்கல் எனக் கருதிக் கடந்து செல்கின்றனர். சிலர் உடைத்தும் எடுத்துச் செல்கின்றனர். இவை இன்னவை என்று அறிதலே இவற்றைக் காத்தலின் முதற்படியாகும்.

கற்குவையின் அமைப்பு

ஈமக் கற்குவையை எழுப்பியோர் கட்டட நுட்பம் அறிந்தவர்கள். முதலில் நிலத்தில் குழி தோண்டி, அதன் அடியில் ஒரு பலகைக்கல்லைப் பரப்பினர். நாற்புறமும் நான்கு கற்பலகைகளை நிறுத்தினர். ஒவ்வொரு பலகையும் தன்னை அடுத்த பலகையின் ஓரத்தைக் கடந்து சிறிது நீண்டிருக்கும். மேலிருந்து நோக்கினால் அது சுவத்திக வடிவமாகத் தோன்றும். இஃது அழகுக்காகச் செய்ததன்று. வெளியிலிருந்து மண் அழுத்தும்போது பலகைகள் உட்புறம் சாய்ந்துவிடாமல் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்காகச் செய்தது. சுண்ணாம்பும் சாந்தும் இன்றி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்வறைகள் நிற்பதற்கு இதுவே காரணம்.

பல அறைகளில் ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பலகையில், வட்டமான துளை ஒன்று இருக்கும். இதனை இடுதுளை என்பர் தொல்லியலார். அறையின் மேல் பெரிய மூடுகல்லை ஏற்றுவர். பின்னர் மண்ணும் சிறு கற்களும் இட்டு மூடிச் சுற்றிலும் பெருங்கற்களை வட்டமாக நிறுத்துவர். அறை நிலத்துக்குள் புதைந்திருந்தால் அது கற்பதுக்கை. நிலத்தின்மேல் வீடுபோல் நின்றால் அது கற்றிட்டை. அறை இன்றித் தாழி மட்டும் புதைத்து அதன்மேல் கற்களைக் குவிப்பதும் உண்டு.

மூடுகற்கள் பல டன் எடையுள்ளவை. பாறையைப் பிளக்கவும், இழுத்து வரவும், ஏற்றவும் ஊரார் பலர் ஒன்றுகூடியிருக்க வேண்டும். எனவே ஒரு கற்குவை ஒருவரின் சாவை மட்டுமன்றி, ஒரு சமுதாயத்தின் ஒழுங்கையும் காட்டுகிறது.

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள சானூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். கால்கள் பொருத்திய சுடுமண் ஈமப்பேழைகள் அங்குக் கிடைத்தன. இரும்புக் கருவிகளும் கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் இத்தகைய ஈமக்காடுகளில் பெருவழக்கு. அக்கலங்களின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்திருக்கும், வெளிப்புறம் சிவந்திருக்கும். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுவதால் உள்ளே காற்றுப் புகாத பகுதி கறுக்கிறது. காற்றுப்பட்ட பகுதி சிவக்கிறது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். பல இடங்களில் முழு எலும்புக்கூடு கிடைப்பதில்லை. வேறோரிடத்தில் உடலைக் கிடத்திப் பின்னர் எலும்புகளை மட்டும் எடுத்துவந்து அடக்கம் செய்தமையே இதற்குக் காரணமாகும்.

தமிழ் காத்த சொற்கள்

நிலத்தில் அழிந்துவரும் இவ்வழக்கத்திற்குத் தமிழ் இலக்கியம் பெயர்களைக் காத்து வைத்திருக்கிறது. பதுக்கை என்னும் சொல் அகநானூற்றுப் பாலைப் பாடல்களில் பயில்கிறது. வழிப்பறி செய்யும் மறவரின் அம்பால் மாண்ட வழிப்போக்கர் உடலின்மேல் கற்களும் தழைகளும் குவித்த மேட்டினை அது குறிக்கும். பதுக்குதல் என்பது மறைத்து வைத்தல். மேடு என்னும் பொருளுடையது திட்டை. இன்று தொல்லியலார் வழங்கும் கற்பதுக்கை, கற்றிட்டை என்பன இப்பழஞ்சொற்களிலிருந்தே பிறந்தன.

புறநானூற்றின் 228ஆம் பாடல் ஐயூர் முடவனார் பாடியது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் குயவனை விளித்து, இம்மன்னனின் பெருமைக்கேற்ற தாழியை உன்னால் வனைய இயலுமோ என வினவுகிறார். தாழியில் அடக்கம் செய்யும் வழக்கம் மன்னருக்கும் உரியதாய் இருந்தமைக்கு இது சான்று. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, இறந்தாரை எரித்தல், வெளியில் இடுதல், தோண்டிய குழியில் கிடத்துதல், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தல், தாழியில் கவித்தல் என ஐவகை முறைகளை ஒரே நகரின் ஈமக்காட்டில் வைத்துக் காட்டுகிறது. பலவகை அடக்கங்கள் ஒரே களத்தில் அடுத்தடுத்துக் கிடைப்பதை அகழ்வாராய்ச்சியும் மெய்ப்பித்துள்ளது.

நாட்டுப்புற மக்களும் இவற்றுக்குத் தாம் அறிந்தவாறு பெயரிட்டனர். பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு, குரங்குப் பட்டடை என இடத்துக்கொரு பெயர் வழங்குகிறது. கேரளத்தில் முனியறை என்பர். மனிதர் புகுந்து வாழ இயலாத அளவு சிறிய கல்வீட்டைக் கண்டவர்கள் அது குள்ளர் வாழ்ந்த வீடென்றோ, வனவாசம் செய்த பாண்டவர் தங்கிய இடமென்றோ எண்ணினர். இப்பெயர்களைப் பேதைமை என்று தள்ளிவிடலாகாது. எங்கே குள்ளர் வீடு என்ற பெயர் உள்ளதோ, அங்கே கற்றிட்டை இருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் தேடிச் செல்கின்றனர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் மோரல் பாறை என்னும் குன்றின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட கற்றிட்டைகள் உள்ளன.

ஒப்புமையும் காலமும்

அறையுடைய கற்குவைகள் தமிழகத்துக்கு மட்டும் உரியன அல்ல. அயர்லாந்தில் நியூகிரேஞ்சு என்னுமிடத்திலுள்ள பெருங்கற்குவை ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுந்தது. தென்திசைச் சூரியன் எல்லையை அடையும் மார்கழி நாள்களில், விடியற்கதிர் அதன் நீண்ட வழியினூடே சென்று உள்ளறையை ஒளிபெறச் செய்யும். ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவிலுள்ள மேசோ கற்குவை கி.மு. 2800 அளவினது, அங்கு அதே பருவத்தின் மாலைக்கதிர் புகுகிறது. இவை புதிய கற்காலத்தவை. உலோகம் அறியாத உழவர் கட்டியவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் இங்குள்ள கற்குவைகளைக் கண்டு வியந்தனர். மலபாரின் பாண்டவர் குழிகளைப் பற்றிப் பாபிங்டன் எழுதிய கட்டுரை 1823இல் வெளிவந்தது. தக்காணத்துக் கற்குவைகளை ஆராய்ந்த மெடோஸ் டெய்லர், அவை ஐரோப்பியக் கெல்தியர் அல்லது சிதியருடன் தொடர்புடையன எனக் கருதினார். உருவம் ஒத்திருந்தமையே இக்கருத்துக்கு அடிப்படை. ஆனால் தென்னாட்டுக் கற்குவைகளில் இரும்பு கிடைக்கிறது. 1947இல் கருநாடகத்துப் பிரமகிரியில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, மண்ணடுக்குகளின் வரிசையைக் கொண்டு இவற்றின் கால முறையை ஆராயும் நெறியை நிறுவினார். ஐரோப்பியக் கற்குவைகளுக்கும் தென்னாட்டில் இதுவரை காலம் கணித்த பெரும்பாலான கற்குவைகளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. வடிவம் ஒத்திருப்பதால் உறவு உண்டு என்று முடிவு கட்டலாகாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

தமிழக இரும்பின் தொன்மை பற்றிய கருத்தும் அண்மையில் மாறி வருகிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, சிவகளையின் ஈமத்தாழிகளில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு செல்கிறது. இதுபற்றி அறிஞரிடையே ஆய்வு தொடர்கின்றது. இத்தகைய வினாக்களுக்கு விடை இன்னும் கலையாத கற்குவைகளிலும் தாழிகளிலுமே இருக்கிறது.

பொருந்தல் தந்த நெல்

ஒரு கற்குவையின் மதிப்பு எதில் உள்ளது என்பதைப் பொருந்தல் அகழ்வு தெளிவாக்கும். பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள அவ்வூரில் 2009ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் ஆய்வு நடந்தது. ஒரு கல்லறையினுள் நான்கு கால்கள் உடைய சாடி ஒன்று இருந்தது. அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே அறையில் கலம் தாங்கும் புரிமணை ஒன்றும் கிடைத்தது. அதன்மேல் 'வயர' என்னும் தமிழ் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன.

நெல்லைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது கி.மு. 490 என்னும் காலம் கிடைத்தது. நெல்லும் எழுத்தும் ஒரே நாளில் ஒரே அறையில் அடைக்கப்பட்டவை என்றால், நெல்லின் காலமே எழுத்தின் காலமும் ஆகும். தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய ஆராய்ச்சியில் இக்கண்டுபிடிப்பு முதன்மையான இடம் பெற்றது. இம்முடிவை ஏற்போரும் மறுப்போரும் உளர். எனினும் வாதத்துக்கு உரிய சான்றைத் தந்தது அக்கல்லறையே.

புதையல் வேட்டையாடும் ஒருவன் முன்னரே அவ்வறையைத் திறந்திருந்தால் என்ன செய்திருப்பான்? பொன் இல்லையென்று சாடியை உடைத்து நெல்லைக் கொட்டியிருப்பான், புரிமணையை எறிந்திருப்பான். நெல்லும் புரிமணையும் தனித்தனியே பின்னர் ஒருவர் கையில் கிடைத்திருந்தாலும் பயன் இராது. இரண்டும் ஒரே அறையில், பிறர் கை படாமல் இருந்தன என்பதே சான்று. பொருளைவிடப் பொருள் கிடந்த நிலை பெரிது. கோயில் மதில் இடிந்தால் மீண்டும் கட்டலாம். மண்ணுள் இருந்த வைப்புமுறை கலைந்துவிட்டால் மீண்டும் அமைக்க முடியாது.

கொடுமணலும் இத்தகையதே. நொய்யலாற்றங்கரையில் உள்ள அவ்வூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழ்வு நடத்தியது. அங்கு ஒரு கல்லறையிலிருந்து மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அம்மணிகள் ஒரே அறையில் எண்ணப்பட்டமையால்தான் இறந்தவரின் செல்வநிலையையும் ஊரின் வாணிகத்தையும் பற்றிப் பேச முடிகிறது. கடைத்தெருவுக்குப் போய்விட்ட மணி அழகிய மணி மட்டுமே; வரலாறு ஆகாது.

அழியும் வழிகள்

கற்குவைகளைப் பகைமையால் அழிப்போர் அரியர். நிலத்தைத் திருத்தும் உழவர் ஏருக்குத் தடையான கற்களை வரப்பில் ஒதுக்குகின்றனர். மூடுகல் துணி துவைக்கும் கல்லாகிறது. பலகைக்கல் வாய்க்கால் மதகுக்குப் போகிறது. கல்லுடைப்போர் வட்டக்கற்களைச் சல்லியாக்கிச் சாலைக்கு அனுப்புகின்றனர். கற்குன்றுகளில் சுரங்கக் குத்தகை வந்தால் குன்றோடு கற்றிட்டையும் போய்விடுகிறது. நகரம் பெருகும் இடங்களில் வீட்டுமனைக்காக இயந்திரம் ஒரு நாளில் நூறு குழிகளைச் சமன் செய்துவிடும். கூடவே புதையல் ஆசையும் உண்டு. ஈமக்குழியில் பொன் இருக்கும் என்னும் நம்பிக்கையால் திறந்து கிடக்கும் கல்லறைகள் பல.

இவற்றுள் பெரும்பாலான செயல்களுக்குக் காரணம் அறியாமை. அறியாமை நீங்கினால் பலர் கைவைக்க மாட்டார்கள்.

சட்டமும் அதன் எல்லையும்

தொல்சின்னங்களைச் சட்டத்தால் காக்கும் எண்ணம் இத்தகைய கற்களைப் பற்றிய கவலையிலிருந்தே வளர்ந்தது. இங்கிலாந்தில் ஏவ்பரி கல்வட்டத்தின் நடுவே வீடுகள் எழவிருந்தபோது, ஜான் லப்பக் 1871இல் அந்நிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிக் காத்தார். பிரிட்டனின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882இல் அவர் முயற்சியால் வந்தது. அதன் பட்டியலில் இடம்பெற்றவற்றுள் பெரும்பாலானவை வரலாற்றுக்கு முற்பட்ட கற்சின்னங்கள். வெஸ்ட் கென்னட் என்னும் அறையுடைய ஈமமேடும் அவற்றுள் ஒன்று.

இந்தியாவில் 1904ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்ட வேண்டும். தமிழ்நாட்டு அரசும் 1966இல் தனிச்சட்டம் இயற்றியது. செங்கற்பட்டு, காஞ்சிபுரப் பகுதிகளில் கற்குவைகள் உள்ள ஊர்கள் பல மத்தியப் பட்டியலில் உள்ளன.

ஆயினும் பட்டியலில் ஏறியவற்றையே இக்காவல் முழுமையாகத் தாங்குகிறது. ஆதிச்சநல்லூர் 1876இல் யாகோர் என்னும் செருமானியர் வந்ததுமுதல் அறியப்பட்ட ஊர். அலெக்சாந்தர் ரீ அங்கு 1899 முதல் அகழ்ந்தார். 114 ஏக்கர்ப் பரப்புள்ள அந்த ஈமக்காட்டில் அருங்காட்சியகம் அமைக்க 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. புகழ் பெற்றமையால் அதற்குக் காவல் கிடைத்தது. பெயர் தெரியாத ஊரின் பெயர் தெரியாத கல்வட்டத்துக்கு அத்தகைய காவல் இல்லை. அலுவலர் ஒருவர் வந்து காணுமுன் இயந்திரம் வந்துவிடுகிறது.

மலேசிய மண்ணில்

மலேசியாவிலும் இவ்வினா உளது. பேராக் மாநிலத்தில் சுங்கை, சிலிம், பெர்ணம் ஆற்றுப் பகுதிகளில் கற்பலகைகளால் அமைத்த கல்லறைகள் காணப்பட்டன. அவற்றைப் பற்றி ஐவர் எவன்ஸ் 1928இல் எழுதினார். அவற்றிலும் இரும்புக் கருவிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. சூதுபவள மணிகள் கடல்வழி வாணிகத்தைச் சுட்டுகின்றன; ஆனால் அக்கல்லறைகளைத் தமிழர் கட்டினர் என்பதற்கு மணிகள் மட்டும் சான்றாகா. மெடோஸ் டெய்லர் காலத்தில் நேர்ந்த பிழையை இங்கும் செய்துவிடலாகாது. தமிழருடையதாயின் காப்போம், பிறருடையதாயின் விடுவோம் என்பதும் கற்றோர்க்கு அழகன்று. மண்ணில் உள்ளது அம்மண்ணில் வாழும் அனைவர்க்கும் உரியது.

கெடாவில் நேர்ந்த நிகழ்ச்சி இன்னும் கசப்பானது. பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி எனக் குறிக்கப்பட்ட பழங்கோயில் அடித்தளம் ஒன்று இருந்தது. அப்பள்ளத்தாக்கின் சின்னங்களைக் குவாரிச் வேல்ஸ் 1930களிலேயே ஆராய்ந்து நூல் எழுதியிருந்தார். ஆயினும் 2013இன் இறுதியில், வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது அது தரைமட்டமாக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அவ்விடம் பாதுகாப்புக்குரியதென அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுரிமைச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. நூலில் எண் இருந்தது; நாட்டில் சட்டம் இருந்தது; நிலத்தில் மட்டும் அதனை அடையாளம் காட்ட யாதும் இல்லை. ஈமக்கல்லறைகளுக்கும் இதே ஊறு நேரலாம் என்பதற்கு இந்நிகழ்ச்சி எச்சரிக்கை.

ஆசிரியர் செய்யத்தக்கன

இவ்விடைவெளியை நிரப்பத் தக்கவருள் ஆசிரியர் முதல்வர். புறநானூற்றுத் தாழிப் பாடலை நடத்தும்போது தாழி என்பதற்குப் பெரிய பானை என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த அடிக்குச் செல்வது வழக்கம். அங்கே சிறிது நின்று, ஆதிச்சநல்லூர்த் தாழியின் படத்தைக் காட்டலாம். கரும்பலகையில் நான்கு பலகைகளைச் சுவத்திகமாக வரைந்து, மண் அழுத்தினும் அறை ஏன் விழவில்லை என்று மாணாக்கரையே கேட்கலாம். நான்கு அட்டைத்துண்டுகளும் ஒரு பெட்டி மணலும் இருந்தால் அவர்களே கட்டிப் பார்த்து விடை காண்பர். ஒருமுறை கையால் கட்டிய மாணவன் கல்வட்டத்தைக் கண்டால் வெறுங்கல் என்று கடந்து போகான்.

இவ்வகைக் கற்களைக் காண்போர் செய்யவேண்டியவை சில, செய்யக்கூடாதவை சில. கல்லை அசைக்கலாகாது, மண்ணைத் தோண்டலாகாது, மேலே கிடக்கும் ஓட்டுச்சில்லையும் மணியையும் எடுத்துச் செல்லலாகாது. இடத்தைக் குறிக்க வேண்டும். நிழற்படம் எடுக்க வேண்டும். அருகில் வாழ்வோர் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதைக் கேட்டு எழுத வேண்டும். பின்னர் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மலேசியாவில் மரபுரிமை ஆணையருக்கோ அந்தந்த மாவட்ட அதிகாரிக்கோ அறிவிக்கலாம். தோட்டங்களிலும் குடியேற்றங்களிலும் நிலத்தை முதலில் வெட்டுவோர் தொழிலாளரே. அவர் கைமண்வெட்டியில் கல்லறைப் பலகை முட்டும்போது அருகில் தொல்லியல் அறிஞர் இருக்கப் போவதில்லை. பள்ளியில் கேட்ட ஒரு பாடம் நினைவுக்கு வந்தால் அந்த மண்வெட்டி நிற்கும்.

கெடா மெர்போக்கில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும், நெகிரி செம்பிலான் பெங்காலான் கெம்பாசில் நிற்கும் பெருங்கற்களுக்கும் மாணாக்கரை அழைத்துச் செல்வது பயனுடையது. பெங்காலான் கெம்பாசில் 1467ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறையை அடுத்து நிற்கும் கற்களை மக்கள் வாள், கரண்டி, சுக்கான் என்று பெயரிட்டு வழங்குகின்றனர். பெயரிட்டு மதித்தமையால் அவை நிலைத்தன. தமிழகத்தில் உறவினர் ஊருக்குச் செல்லும் குடும்பத்தாரும் அங்குள்ள முதியோரிடம் குள்ளர் வீடு, பாண்டவர் குழி எங்குள்ளது என்று கேட்டு எழுதி வரலாம். அப்பெயரைச் சொல்லும் முதியவர் மறைந்தபின் கேட்பதற்கு ஒருவரும் இரார். பெயரை மறந்த ஊர் கல்லை விற்கத் தயங்காது. ஆதலின் கற்குவையைக் காக்கும் பணியைப் பெயரைக் கேட்டு எழுதும் குறிப்பேட்டில் தொடங்குவதே முறை.